விழுங்கிய பிறகு டிக் போடுங்கள்

புதுச்சேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது படுக்கை விரிப்பதும் குளிப்பாட்டுவதும்தான் என் வேலை. பிறகு நர்ஸ் மேற்பார்வையில் மாத்திரை கொடுக்கும் பொறுப்பும் வந்தது. இப்போது புதியவர்களுக்கு அதைச் சொல்லித்தருகிறேன். கை கழுவுவது, காலாவதித் தேதி பார்ப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். தவறுவது இவற்றில்தான்.

முன்கூட்டியே டிக்

போன வாரம், மருந்து கொடுத்ததைக் குறிக்கும் அட்டையைப் புரட்டினேன். பதினான்கு பேருக்கும் காலை டிக்குகள் ஒரே சாய்வில், ஒரே இழுப்பில் இருந்தன. மாத்திரைத் தட்டோ இன்னும் மேசையில். திட்ட வாயெடுத்ததும் என் பழைய கதை நினைவுக்கு வந்தது. ஆனாலும் திட்டினேன்.

கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஓர் அம்மா. "வைத்துவிட்டுப் போ கண்ணு, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்" என்பார். வைப்பேன், டிக் போடுவேன், போய்விடுவேன். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், 5 மி.கி. சிலருக்கு அது கணுக்காலை வீங்க வைக்கும். அவருக்கும் வீங்கியது, செருப்பு வார் பதிந்த தடம் இரவு வரை மறையாது. விழுங்குவதை நிறுத்திவிட்டார். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

டாக்டர் பார்த்த அட்டையில் ஒரு வேளையும் தவறவில்லை. அழுத்தமோ 170/100. மருந்து போதவில்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? 10 ஆக்கினார். அடுத்த மாதம் இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது.

மாசி மகத்துக்கு, தேவனாம்பட்டினத்தில் சாமி பார்க்க, மகள் வந்து அழைத்துப்போனார். பொறுப்பான பெண், பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் விழுங்க வைத்தார். கூட்டிய அளவு முழுதும் உள்ளே போய் அழுத்தம் இறங்கிவிட்டது; நான்காம் நாள் காலை கட்டிலிலிருந்து எழுந்த அம்மா கண் இருட்டி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இங்கே அவர் அலமாரியை ஒழித்தபோது, சுருக்குப் பைக்குள் காலண்டர் தாளில் மடித்த மாத்திரைகள் கிடைத்தன. முப்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

தண்ணீர் கொடுங்கள், வாய் காலியா என்று பாருங்கள், பிறகு நேரத்தோடு குறியுங்கள். வேண்டாம் என்றால் 'மறுத்தார்' என்று காரணத்தோடு எழுதி, அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள். வீக்கம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் டாக்டர் மருந்தையே மாற்றியிருப்பார்.

பொடித்துக் கொடுப்பது

பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால் பொடிக்காதீர்கள். நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

இன்சுலின் ஊசி

மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி போட்ட ஊசி, 100க்கு ஆரஞ்சு மூடி போட்ட ஊசி. மாற்றினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும்.

மெதோட்ரெக்ஸேட்

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள்தான். தினமும் கொடுத்தால் உயிர் போகலாம்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கடலூர்ப் பக்கம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதையும் கடையில் வாங்கியதையும் சேர்த்துப் பையில் கட்டி அனுப்புவார்கள். பிராண்டை விடுங்கள், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

"தலைவலிக்கு ஏதாவது கொடுங்கள், சிஸ்டர்"

சீட்டில் எழுதாததைக் கொடுக்காதீர்கள். நாம் சிஸ்டரும் இல்லை.