ஓடுபாதையின் முடிவில்தான் எழும்பும் விமானம்: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் வடிவமைப்பதும் விவாதிப்பதும்

ராக்கெட்டும் விமானமும் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் முதன்முதலாக விமானம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே அனுபவம்தான் வாய்க்கிறது. விமானம் பார்வைக்கு அழகாக இருக்கும், எஞ்சின் முழு மூச்சில் இரையும், ஓடுபாதையில் வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் மூக்கைத் தூக்கும் எஸ் விசையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் மூக்கு மேலே வராது. கடைசியில் பாதை தீர்ந்து, சக்கரங்களுக்குக் கீழே தரை இல்லாமற்போன கணத்தில், அதே விமானம் எதுவும் நடவாதது போல மூக்கை நிமிர்த்திக்கொண்டு பறந்துவிடும். இறக்கை போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் இரண்டை ஒட்டுவதுதான் உடனே தோன்றும் வைத்தியம். இறக்கை போதாத விமானமாக இருந்தால் பாதை முடிந்ததும் கீழேயல்லவா விழுந்திருக்க வேண்டும்? குறை இறக்கையில் இல்லை, சக்கரம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. இதை நானும் நான்கு விமானங்களைக் கெடுத்த பிறகே புரிந்துகொண்டேன்.

மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டின் பொதுச் சோதனைப் பதிப்பு 2011-இல் வந்தது, 1.0 பதிப்பு 2015 ஏப்ரலில் வெளியானபோது காற்றியக்கக் கணக்கு முழுவதுமாக மாற்றி எழுதப்பட்டது. அதற்கு முன்பு ஒரு பாகத்தின் இழுவை, அதாவது காற்று அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை, அதன் நிறையைப் பொறுத்தே அமைந்ததால், மூக்குக் கூம்பு வைப்பதே விமானத்துக்குப் பாரமாக முடிந்தது. ஆகவே 2015-க்கு முன் எழுதப்பட்ட அறிவுரை எதையாவது படிக்க நேர்ந்தால், அது அன்றைக்குச் சரியாக இருந்தாலும் இன்றைக்கு உதவாது என்று கொள்ளுங்கள். இங்கே சொல்வதெல்லாம் 2021-இல் வந்த 1.12 பதிப்புக்கும், மாட் எனப்படும், பிறர் எழுதிய கூடுதல் சேர்க்கை எதுவும் சேர்க்காத விளையாட்டுக்கும் உரியவை.

விமானத்தை ஸ்பேஸ்பிளேன் ஹேங்கரில் கட்டத் தொடங்கியதும், திரையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மூன்று சிறு பொத்தான்களை அழுத்தி மூன்று பந்துகளையும் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் பந்து நிறை மையம், நீலப் பந்து தூக்குவிசை மையம், ஊதாப் பந்து உந்துவிசை மையம். நீலம் மஞ்சளுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால், காற்று மூக்கை மேலே தள்ளும்போதெல்லாம் வால் அதைத் திருப்பிக் கொண்டுவரும். நீலம் முன்னால் போய்விட்டால் விமானம் சிறு அசைவுக்கே தலைகீழாகப் புரளும். மிகவும் பின்னால் தள்ளிப்போனால் மூக்கு கல் கட்டியது போலக் கனக்கும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது இரண்டு பந்துகளும் ஒன்றையொன்று பாதியளவு மறைத்துக்கொண்டு, நீலம் பின்னால் எட்டிப் பார்த்தால் சாதாரண விமானத்துக்கு அதுவே போதும். உந்துவிசை செல்லும் கோடு மஞ்சள் பந்தின் ஊடாகவோ அதை ஒட்டியோ செல்ல வேண்டும். எஞ்சினை முதுகின்மேல் உயர்த்தி வைத்தால் அது மூக்கைக் கீழே அழுத்தும். நீலப் பந்து இழுவையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பந்துகள் சரியாக இருந்தும் விமானம் வால் முன்னே வரச் சுழல்கிறது என்றால், மூக்குப் பகுதியில் இழுவை மிகுந்திருப்பதோ, செங்குத்து வால் சிறியதாகவோ நிறை மையத்துக்கு மிக அருகிலோ இருப்பதோதான் பெரும்பாலும் காரணம்.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். வாலில் உள்ள கட்டுப்பாட்டுப் பரப்பு வாலைக் கீழே அழுத்தினால்தான் மூக்கு மேலே எழும். தரையில் இருக்கும் வரை அந்த அசைவுக்கு அச்சாக இருப்பது பின்சக்கரம். பத்து டன் நிறையுள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 98 கிலோநியூட்டன். வால் நிறை மையத்துக்கு 5 மீட்டர் பின்னாலும், பின்சக்கரம் 2 மீட்டர் பின்னாலும் இருக்கின்றன. எடை உண்டாக்கும் திருப்புத்திறன் 196 கிலோநியூட்டன் மீட்டர். அதை வெல்ல வாலுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளமோ வெறும் 3 மீட்டர். ஆக, வால் 65 கிலோநியூட்டன் விசையோடு கீழே அழுத்த வேண்டும். சக்கரத்தை நிறை மையத்துக்கு அரை மீட்டர் பின்னால் கொண்டுவந்து வைத்தால் திருப்புத்திறன் 49 ஆகக் குறைகிறது, நெம்புகோல் நான்கரை மீட்டராக நீள்கிறது, தேவைப்படும் விசை 11 கிலோநியூட்டனில் அடங்கிவிடுகிறது. ஓடும்போது இறக்கை தரும் தூக்குவிசையை இந்தக் கணக்கில் விட்டிருக்கிறேன் என்றாலும், ஒன்றரை மீட்டர் இடமாற்றம் வேலையை ஆறில் ஒரு பங்காக்கிவிடுகிறது என்பது மாறாது. எனவே பின்சக்கரங்கள் மஞ்சள் பந்தின் பின்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். பந்துக்கு முன்னால் போய்விட்டால் விமானம் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். மூக்கு எழும்பும்போது வால் தரையில் இடிக்காதபடி சக்கரத்துக்குப் போதிய உயரமும் வேண்டும்.

ஓடுபாதையில் விமானம் தானாக இடப்புறமோ வலப்புறமோ வளைந்து ஓடிப் புல்வெளியில் கவிழ்வதற்கும் சக்கரமே காரணம். குறுகிச் செல்லும் உடற்பகுதியின்மேல் சக்கரத்தை ஒட்டினால் அது அந்தச் சரிவுக்கு ஏற்பச் சாய்ந்து நிற்கும். மென்மையான இறக்கையின் நுனியில் ஒட்டினாலோ எடை ஏறியதும் இறக்கை வளைந்து சக்கரத்தைத் திருப்பிவிடும். விசைப்பலகையில் 3-ஐ அழுத்திச் சுழற்றும் கருவியை எடுத்து, எஃப் விசையால் அதைப் பாகத்தின் சாய்வைப் பொருட்படுத்தாத அப்சொல்யூட் முறைக்கு மாற்றி, சக்கரத்தைத் தரைக்குச் செங்குத்தாகவும் நேர் முன்னோக்கியும் நிறுத்துங்கள். முன்சக்கரத்தின் பிரேக்கை அணைத்துவிடுவதும் நல்லது. தரையிறங்கும்போது முன்சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டால் வால் சுற்றிக்கொண்டு முன்னே வரும்.

பறக்கத் தொடங்கியபோது நல்ல பிள்ளையாக இருந்த விமானம் பத்து நிமிடங்களுக்குப் பிறகு அடங்காமல் போகிறதென்றால் எரிபொருளைச் சந்தேகிக்க வேண்டும். எம்கே1 திரவ எரிபொருள் டேங்க் ஒன்றில் 400 அலகுகள், அதாவது 2 டன் எரிபொருள் இருக்கும். மொத்தம் 8 டன் உள்ள விமானத்தில் அந்த டேங்க் நிறை மையத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருந்தால், அது காலியானதும் நிறை மையம் அரை மீட்டர் பின்னால் நகர்ந்துவிடும். நீலப் பந்துக்கும் மஞ்சள் பந்துக்கும் நாம் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளி முழுவதையும் அது விழுங்கிவிடக்கூடும். ஹேங்கரிலேயே டேங்கின்மீது வலது கிளிக் செய்து எரிபொருள் பட்டையை இழுத்துக் காலியாக்கி மஞ்சள் பந்து எங்கே போகிறது என்று பாருங்கள், பார்த்த பின் மறக்காமல் நிரப்பிவிடுங்கள். டேங்குகளை நிறை மையத்தைச் சுற்றி அமைப்பதே நிலையான தீர்வு. ஜெட் எஞ்சின்களுக்குத் திரவ எரிபொருள் மட்டும் போதும். ராக்கெட்டுக்கான டேங்கை அப்படியே எடுத்து மாட்டி, பயன்படாத ஆக்சிஜனேற்றியை ஊர்வலம் கொண்டுபோகிறவர்கள் இன்றும் உண்டு.

எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 20 கிலோநியூட்டன் தரும் ஜூனோ மூன்று நான்கு டன் எடையுள்ள சிறு விமானத்துக்குப் போதும். 120 கிலோநியூட்டன் தரும் வீஸ்லி பத்து டன்னைத் தாராளமாகச் சுமக்கும். ஒலியின் வேகத்தை மீற விரும்புகிறவர்கள் பாந்தரையும் விப்லாஷையும் நாடலாம்.

கட்டுப்பாட்டுப் பரப்புகளைப் பொறுத்தவரை, ஒட்டிய மாத்திரத்தில் அவை ஒவ்வொன்றும் மூக்கைத் தூக்குவது, உருட்டுவது, பக்கம் திருப்புவது என்ற மூன்று வேலைகளையும் ஏற்றுக்கொண்டிருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வலது கிளிக் பட்டியலில் வாலில் உள்ளவற்றுக்கு மூக்கைத் தூக்கும் வேலையை மட்டும், இறக்கை நுனியில் உள்ளவற்றுக்கு உருட்டும் வேலையை மட்டும், செங்குத்து வாலில் உள்ள சுக்கானுக்குப் பக்கம் திருப்பும் வேலையை மட்டும் விட்டுவைத்தால் விமானத்தின் நடுக்கம் பாதி அடங்கிவிடும். மீதி நடுக்கத்துக்கு, அதே பட்டியலில் பரப்பின் அசைவு வரம்பைக் குறைக்கலாம். பறக்கும்போது கேப்ஸ் லாக்கை அழுத்தி நுண்கட்டுப்பாட்டுக்கு மாறியும் கொள்ளலாம்.

முதல் பறப்பில் வேடிக்கை பார்க்காமல் சோதனை செய்யுங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் நேராகப் பறந்தபடி டி (T) விசையால், விமானத்தைத் தானாக நிலைநிறுத்தும் எஸ்ஏஎஸ் உதவியை அணைத்து, மூக்கைப் பத்துப் பாகை தூக்கி, கையை எடுத்துவிடுங்கள். மூக்கு மெதுவாகத் திரும்பி வந்தால் விமானம் தேறிவிட்டது. அங்கேயே மிதந்தால் கவனம் தேவை. மேலும் மேலே ஏறினால் ஹேங்கருக்குத் திரும்ப வேண்டியதுதான். சமமட்டத்தில் பறக்கும்போது திசைக்கோளத்தில் மூக்கைக் காட்டும் குறியீட்டுக்கும் பயணத் திசையின் மஞ்சள் வட்டத்துக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். மூக்கு ஐந்து பாகை மேலே நின்றால், உடற்பகுதி முழுவதும் காற்றைச் சாய்வாக அறைந்துகொண்டு போகிறது என்று பொருள். ஹேங்கரில் இறக்கையைக் கையில் எடுத்து, ஷிஃப்டை அழுத்தியபடி சுழற்றும் விசையை ஒருமுறை தட்டி 5 பாகை சாய்த்து ஒட்டினால், இறக்கை தன் கோணத்தில் தூக்க, உடல் நேராகச் செல்லும். இழுவை குறைந்து அதே எரிபொருளில் தூரம் கூடும். எஃப்12 அழுத்தினால் தெரியும் சிவப்புக் கோடுகள் இழுவையைக் காட்டுபவை. எந்தப் பாகத்தில் அவை நீளமாக நிற்கின்றனவோ அங்கே கை வையுங்கள். பெரும்பாலும் அது மூடப்படாத தட்டையான முனையாக இருக்கும்.

இவ்வளவும் செய்து பிடிபடாதபோதுதான் பிறரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. "என் விமானம் பறக்க மறுக்கிறது, என்ன செய்யலாம்?" என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காததற்கு விடை சொல்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மொத்த நிறை 9.4 டன், வீஸ்லி ஒன்று, பதிப்பு 1.12, மாட் இல்லை. டேங்க் நிரம்பியிருக்கும்போது நன்றாகப் பறக்கிறது. எரிபொருள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பின், நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வலப்புறம் திரும்பினால் வால் சுற்றிக்கொண்டு முன்னே வருகிறது." விவரம் அறிந்த எவரும் படத்தைப் பார்க்கும் முன்பே டேங்கின் இடத்தையும் செங்குத்து வாலின் அளவையும் விசாரிப்பார். படங்களாக மூன்று போதும்: பந்துகள் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, டேங்குகளைக் காலியாக்கி அதே கோணத்தில் ஒன்று, சக்கரங்களின் மட்டத்தில் நேர் முன்னாலிருந்து ஒன்று. சூரிய அஸ்தமனத்தின் பின்னணியில் விமானம் சாய்ந்து பறக்கும் படம் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இருப்பதில்லை.

விமானம் சேமிக்கப்பட்ட கணினிக் கோப்பையே கொடுத்துவிடுவது அதைவிட மேல். விளையாட்டின் சேமிப்புக் கோப்புறைக்குள் ஷிப்ஸ், அதற்குள் எஸ்பிஎச் (ஸ்பேஸ்பிளேன் ஹேங்கரின் சுருக்கம்) என்ற இடத்தில் ஒவ்வொரு விமானமும் ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கும். மாட் பாகங்களோ, 2019-இல் வந்த பிரேக்கிங் கிரவுண்ட் விரிவாக்கத்தின் சுழலிகளோ உள்ள விமானம் அவை இல்லாதவரிடம் திறக்காது என்பதால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். ஹேங்கரில் பெயருக்குக் கீழே உள்ள விவரணைப் பெட்டியில் எழுதுவது கோப்போடு சேர்ந்தே போகும். எந்த எண் விசை எதை இயக்குகிறது, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்பவற்றை அங்கே எழுதிவைத்தால், கிடைத்தவர் பாந்தரின் பின்னெரிப்பானை எந்த விசை இயக்குகிறது என்று தேடித் தவிக்க மாட்டார்.

பிறர் விமானத்துக்குக் கருத்துச் சொல்லும்போது, அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்ஆர்-71 போன்ற உண்மை விமானத்தின் நகலைச் செய்கிறவரிடம் இறக்கையைப் பின்னால் நகர்த்தச் சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போவார், ஏனெனில் வடிவம் அவர் கையில் இல்லை. டேங்கை எங்கே ஒளித்து வைத்தால் நிறை மையம் முன்னே வரும் என்பதே அவருக்குப் பயன்படும். ஒரு பாகத்துக்குள் இன்னொன்றைப் புதைப்பதைச் சிலர் கைத்திறன் என்பர், சிலர் ஏமாற்று வேலை என்பர். அந்த வழக்கை ஒவ்வொரு விமானத்தின்மேலும் நடத்த வேண்டாம், கட்டியவர் புதைத்திருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும். அழகு பற்றிய கருத்தையும் பிழை பற்றிய கருத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். எல்லாவற்றையும் விட, ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் சொல்லுங்கள்: சக்கரத்தை நகர்த்து, வாலைப் பெரிதாக்கு, எஞ்சினை மாற்று என்று மூன்றையும் ஒருங்கே சொல்லி விமானம் தேறிவிட்டால், எது தேற்றியது என்பது இருவருக்குமே தெரியாமல் போகும்.

அறிவுரை பெற்றவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. மாற்றிய விமானத்தைப் பழைய பெயரின் மேலேயே சேமிக்காமல், பெயரோடு எண் சேர்த்துத் தனியே சேமியுங்கள். பறந்து பார்த்து, நடந்ததை வேகத்தோடும் உயரத்தோடும் திரும்பிச் சொல்லுங்கள். வேறொருவரின் விமானத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தால் அவர் பெயரை விவரணைப் பெட்டியில் முதலில் எழுதுங்கள். ஓடுபாதையின் முடிவில்தான் எழும்பிய அந்த முதல் கோப்பையும் அழித்துவிடாதீர்கள். அடுத்த வாரமே யாராவது ஒருவர், இறக்கை போதவில்லை என்று சொல்லிக்கொண்டு அதே விமானத்தோடு வந்து நிற்பார்.