மலைக்கு எஸ்யூவி எடுக்கிறீர்களா? பெட்ரோல் பவரையும் மின்சார பவரையும் இப்படி ஒப்பிடுங்கள்

குன்னூரிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ வண்டி பார்க்கக் கோயம்புத்தூர் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது "எத்தனை பிஎஸ்?" (குதிரைத்திறன், அதாவது பவரின் அலகு) என்றுதான். பெட்ரோல், மின்சாரம் என்று ஒரே பெயரில் இரண்டு மாடல் இருக்கும்போது அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், நம் ரோட்டுக்கு அது போதாது.

முதலில் அலகு. மின்சார வண்டிக்குக் கிலோவாட்டில் போட்டிருந்தால் 1.36-ஆல் பெருக்குங்கள், பிஎஸ் வந்துவிடும். டாடா நெக்ஸானையே எடுத்துக்கொள்வோம்: 1.2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) பெட்ரோலில் 120 பிஎஸ், டார்க் (சுழற்றும் விசை) 170 நியூட்டன் மீட்டர். 2023-இல் வந்த மின்சார நெக்ஸான் லாங் ரேஞ்சில் 106.4 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 145 பிஎஸ், டார்க் 215.

சரி, அந்த 120 எப்போது கிடைக்கிறது? 5500 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 5500 சுற்று சுற்றும்போது. பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து வரும் பஸ் ரோடு முழுக்க எடுத்துக்கொண்டு திரும்புகிறது, நீங்கள் ஒதுங்கிக் காத்திருந்துவிட்டு மறுபடி ஏறுகிறீர்கள், இரண்டாவது கியர், ஆர்பிஎம் முள் 2000-இல் நிற்கிறது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். 170 × 2000 ÷ 9549, கிட்டத்தட்ட 35.6, அதாவது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் அந்த இடத்தில் உங்களிடம் இருப்பது 48 பிஎஸ்தான். 1300-க்கு இறங்கிவிட்டால் டர்போவும் சரியாக எழாது, முதல் கியருக்குப் போயே ஆகவேண்டும். மின்சார நெக்ஸானில் மாற்ற வேண்டிய கியரும் இல்லை, க்ளட்சும் இல்லை, நின்ற இடத்திலிருந்தே முழு டார்க் கிடைக்கும்.

அதற்காக 215-ஐயும் 170-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பெட்ரோலின் டார்க்கை முதல் கியர் பல மடங்கு பெருக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. சரியான கியரில் இருந்தால் அதுவும் நன்றாகவே இழுக்கும்.

அப்புறம் உயரம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 சதவீதம் பவரை இழக்கும். ஊட்டி 2240 மீட்டர், ஆக 115 பிஎஸ் வண்டி அங்கே கிட்டத்தட்ட 90தான். டர்போ இருந்தால் இந்த இழப்பு குறைவு. மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை, மேட்டுப்பாளையத்தில் என்ன பவரோ அதேதான் தொட்டபெட்டாவிலும்.

எடையையும் பாருங்கள், பேட்டரியால் மின்சார வண்டி கனமாகத்தான் இருக்கும். பிஎஸ்ஸை டன்னால் வகுத்து ஒப்பிடுங்கள், ஆள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து. 1700 கிலோவை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி உயரத்துக்குத் தூக்க மட்டுமே 9 யூனிட் போல மின்சாரம் ஆகும், ஓடும் செலவு தனி.

கடைசியில் டெஸ்ட் டிரைவ். அவினாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு கல்லாறு தாண்டி மலை ரோட்டுக்கே கொண்டுபோகக் கேளுங்கள், ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். மின்சார வண்டியை சார்ஜ் 20 சதவீதத்துக்கு வந்தபிறகும் ஒருமுறை ஏற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேட்டரி காலியாகக் காலியாகப் பவரைக் குறைத்துக்கொள்ளும் வண்டிகள் உண்டு.