நாய்க்குட்டி ராத்திரி கூட்டை நனைக்கிறதா? முதலில் சாக்கை எடுங்கள்

இரண்டு மாதக் குட்டியை வாங்கி வந்து, ராத்திரி கூட்டில் விட்டு, காலையில் கதவைத் திறந்தால் நாற்றம் முகத்தில் அடிக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கம். முற்றத்தில் பாதி சிமெண்ட், பாதி செம்மண், ஓரமாய்த் தென்னை. குட்டி லாப்ரடார். இப்போது பத்தரைக்குக் கூட்டில் ஏறினால் விடிகிறவரை சத்தமில்லை, கூட்டின் அடித்தட்டும் காய்ந்தே இருக்கிறது.

கூட்டைக் குட்டிக்குப் பிடித்த இடமாக்குவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். உள்ளே வைத்துச் சோறு போடுவது, கதவைத் திறந்தே வைப்பது, பகலில் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பழக்குவது, அவ்வளவுதான். அது ஆகாமல் ராத்திரிப் பழக்கத்துக்குப் போகாதீர்கள். மிரண்ட குட்டி மிரட்சியிலேயே நனைத்துவிடும்.

படி 1: கூடு

குட்டி நிமிர்ந்து நிற்க, ஒரு சுற்றுத் திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். லாப் வளர்ந்தபின் 42 அங்குலக் கூடு வேண்டும். குட்டிக்கு அது மிகப் பெரிது. அதற்காக இரண்டு கூடு வாங்க வேண்டாம். நடுத்தடுப்பு வைத்த மடக்குக் கம்பிக்கூடாக வாங்கி, குட்டி வளர வளரத் தடுப்பை நகர்த்துங்கள். தடுப்பு இல்லையென்றால் ஒரு பிளைவுட் துண்டைக் கேபிள் டை போட்டுக் கட்டலாம். அட்டைப்பெட்டி உதவாது, தின்றுவிடும்.

நம் ஊரில் வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்புக்கூடு செய்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் விருப்பமில்லை. மூத்திரம் பட்ட கம்பி துருப்பிடிக்கும், குளச்சல், முட்டம் பக்கம் கடல்காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அடியில் கழற்றிக் கழுவத் தட்டும் இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்குக் கழுவ வேண்டி வந்தால்தான் அந்தத் தட்டின் அருமை தெரியும்.

கூடு இருக்க வேண்டிய இடம் நீங்கள் படுக்கும் அறை. “நாய வீட்டுக்குள்ளயா கெடத்தப்போற மக்கா?” என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். போர்டிகோவில் வைத்தால் குட்டி முனகுவது காதில் விழாது. கேட்கவில்லையென்றால் அது வேறு வழியில்லாமல் உள்ளேயே போகும், இரண்டு மூன்று ராத்திரி அப்படி நடந்தால் அதுவே பழக்கமாகிவிடும். நாலைந்து மாதம் ஆனபின் கூட்டை மெல்ல மெல்ல வெளியே நகர்த்திக்கொள்ளலாம்.

கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். கம்பியில் மாட்டினால் மூச்சு முட்டும்.

படி 2: குட்டியின் பாதத்துக்குப் பழகிய தரை எது?

எங்களைத் திணறடித்த இடம் இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கூடு அளவாக இருந்தது. சாப்பாட்டு நேரமும் சரி. படுக்கும் முன் முற்றத்துக்குக் கொண்டுபோவோம். குட்டி சிமெண்டில் நின்று வாலை ஆட்டும், பூச்சியை முகரும், என் செருப்பைக் கடிக்கும், ஒன்றும் செய்யாது. உள்ளே கொண்டுவந்து விட்டதும், படுக்கையாகப் போட்டிருந்த சணல் சாக்கில் நிதானமாகக் குந்தி ஒன்றுக்குப் போகும். படுக்கிற இடத்தை நாய் அசுத்தமாக்காது என்று எல்லோரும் சொல்கிறார்களே, இதற்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

விடை குட்டியை வாங்கிய வீட்டில் இருந்தது. அங்கே தாயும் குட்டிகளும் கிடந்த அறை முழுக்கச் சாக்கு விரித்திருந்தார்கள். பிறந்து மூன்று வாரம் ஆகும்போதே குட்டிகள் தாய் படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப்போய்க் கழிக்கத் தொடங்கும். அந்த வாரங்களில் பாதத்துக்கு அடியில் எந்தத் தரை கிடைக்கிறதோ, அதுதான் போகிற இடம் என்று பதிந்துவிடுகிறது. நம் கைக்கு வரும்போது அது நன்றாகவே வேர்விட்டிருக்கும். சாக்கில் போய்ப் பழகிய குட்டிக்குக் கூட்டிலும் சாக்கு கிடந்தால் வேறென்ன தோன்றும்?

அதனால் குட்டி தந்தவர்களிடம் கேளுங்கள்: எந்தத் தரையில் வளர்ந்தது? சாக்கா, செய்தித்தாளா, டைல்ஸா, மண்ணா? பதிலைப் பொறுத்து இரண்டு வேலை.

ஒன்று, அந்தப் பொருள் கூட்டுக்குள் இருக்கவே கூடாது. நாங்கள் எல்லா விரிப்பையும் எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் தட்டில் படுக்க விட்டோம். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர் வெக்கைக்குக் குட்டிகள் தேடிப்போய்ப் படுப்பதே வெறும் தரையில்தான். துணியும் மெத்தையும் மூத்திரத்தை உறிஞ்சிவிடும், குட்டிக்கு ஈரமே தெரியாது. வெறும் தட்டில் போனால் ஈரம் காலிலும் வயிற்றிலும் ஒட்டும், அது குட்டிக்குப் பிடிக்காது. மழைக்குளிருக்கு மட்டும் பழைய லுங்கியை மெல்லிசாக மடித்துப் போடலாம்.

இரண்டு, அதே பொருளை வெளியே கொண்டுபோங்கள். குட்டி நனைத்த சாக்கில் ஒரு துண்டை வெட்டித் தென்னை மூட்டில் போட்டு, காற்றில் பறக்காமல் செங்கல்லை வைத்தோம். குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அதன்மேல் இறக்கியதும் நேராக வேலையை முடித்தது! அப்புறம் சில நாளுக்கு ஒருமுறை துண்டைச் சிறிதாக வெட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் சாக்கு போய் மண் மட்டும் மிஞ்சும். செய்தித்தாளில் வளர்ந்த குட்டிக்கும் இதே வழிதான்.

வாசலில் கிடக்கும் தும்பு மிதியடியையும் சில வாரம் எடுத்து வைத்துவிடுங்கள். சாக்கில் பழகிய குட்டிக்கு அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

நெருக்கமான கூண்டில் தன் கழிவிலேயே நின்று வளர்ந்த குட்டி என்றால் பொறுமை கூடுதலாக வேண்டும். அதற்கு அந்த அருவருப்பே மழுங்கியிருக்கும். சின்னக் கூடு மட்டும் போட்டுப் பயனில்லை, ராத்திரி அடிக்கடி வெளியே கொண்டுபோய்க் காய்ந்த இடத்தின் சுகத்தைப் புதிதாகப் பழக்க வேண்டும்.

படி 3: சாயங்காலம்

ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீரைப் பகலில் ஒருபோதும் குறைக்காதீர்கள். படுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது பாத்திரத்தை எடுத்தால் போதும்.

நம் வீடுகளில் இரண்டு வழக்கம் உண்டு, இரண்டையும் நிறுத்துங்கள். முதலாவது, ராத்திரி பசும்பால். பால்குடி மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. வயிறு இளகும், நள்ளிரவில் இரண்டுக்கு வரும். இரண்டாவது, சாளைக் குழம்பு ஊற்றின சோறு. உப்பும் காரமும் தண்ணீரைக் குடிக்க வைக்கும், குடித்தது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? மீன் கொடுப்பதானால் உப்பு, மிளகாய் இல்லாமல் அவித்து, முள்ளை எடுத்துவிட்டு, மத்தியானத்தில் கொடுங்கள்.

படுக்கப்போகும் முன் கடைசியாக வெளியே போவது முக்கியம். கூட்டிலிருந்து முற்றம் வரை நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். நடந்தால் பாதி வழியில் டைல்ஸில் முடித்துவிடும். ஒரே இடத்தில் இறக்கி, நீங்கள் மரம்போல் நில்லுங்கள். குட்டிகள் முதல் தடவையில் முழுவதும் காலி செய்வதில்லை. ஒன்றுக்குப் போனதும் தூக்கிக்கொண்டு ஓடாமல் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் நின்றால் பெரும்பாலும் மறுபடியும் போகும். அந்த இரண்டாவது முறைதான் ராத்திரியைக் காப்பாற்றுகிறது. முடித்த அந்த நொடியே, அங்கேயே ஒரு துண்டு அவித்த கோழியைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று நினைக்கும்.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள், பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய் தொற்றும் பயம் இருக்கிறது. சொந்த முற்றம் போதும்.

படி 4: அலாரம்

விழித்திருக்கும்போது குட்டி அடக்கும் நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: வயது எத்தனை மாதமோ, அத்தனை மணி நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆக, சின்னக் குட்டி ராத்திரி ஒரு தடவையாவது எழுந்தே தீரும், அதை மாற்ற முடியாது.

குட்டி அழுத பின் எழுவதைவிட, அழுவதற்கு முன் எழுவது மேல். வழக்கமாக இரண்டு மணிக்கு முனகினால் ஒன்றே முக்காலுக்கு அலாரம் வையுங்கள். அழுதால் கதவு திறக்கும் என்ற பாடத்தை அது படிக்காமலே போகும். பெரிய விளக்குப் போடாதீர்கள், பேசாதீர்கள், கொஞ்சாதீர்கள். தூக்கு, இறக்கு, காத்திரு, கூட்டில் விடு. ஆள் தூக்கக் கலக்கத்தில் இருப்பதே நல்லது, கொஞ்சத் தோன்றாது. சில ராத்திரி தொடர்ந்து தட்டு காய்ந்திருந்தால் அலாரத்தைக் கால் மணி, அரை மணி பின்னுக்குத் தள்ளுங்கள். நடுவில் ஒருநாள் நனைந்தால் பழைய நேரத்துக்குத் திரும்புங்கள். இப்படித் தள்ளித் தள்ளி அது விடியற்காலையோடு சேர்ந்துவிடும். நாலு மாதத்தில் பல குட்டிகள் ஆறேழு மணி நேரம் தாங்கும்.

வெளியே போய்வந்த சற்று நேரத்திலேயே மறுபடி அழுதால் அது தனிமை. கதவைத் திறக்காமல் கம்பி வழியே விரலை நீட்டுங்கள், முகர்ந்துவிட்டுத் தூங்கும். வயிறு சரியில்லாத நாளில் மட்டும் இந்த வைராக்கியம் வேண்டாம், உடனே திறங்கள்.

டார்ச்சும் செருப்பும் கட்டாயம். தோப்பில், ரப்பர் விளையில் வீடு இருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நனைந்துவிட்டால்

திட்டாதீர்கள், மூக்கைப் பிடித்து அதில் தேய்க்காதீர்கள். எப்போதோ செய்ததற்கு இப்போது அடி என்று குட்டிக்குப் புரியாது, நம் கண்முன் போகக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அப்புறம் முற்றத்திலும் நமக்கு எதிரே போகாது.

தட்டைத் தண்ணீரில் அலசி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, வெயிலில் காயவையுங்கள். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவம் இன்னும் நல்லது, விலைதான் கொஞ்சம் கூடுதல். பினாயில் வேண்டாம். நம் மூக்குக்கு நாற்றம் மறையும், குட்டியின் மூக்குக்கு மறையாது, நக்கினால் உடம்புக்கும் ஆகாது. மூத்திரத்தின்மேல் பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள். மூத்திரத்திலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும்.

பிறகு சேர்த்தது

குலசேகரத்திலிருந்து ஒருவர் கேட்டது: மழையில் குட்டி கால் வைக்கவே மறுக்கிறது, என்ன செய்ய? நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, இதைத் தவிர்க்க முடியாது. சன்ஷேடுக்குக் கீழே நனையாத மூலையில் நாலு செங்கல் வைத்துச் சதுரம் கட்டி, உள்ளே குட்டி வழக்கமாகப் போகும் இடத்து மண்ணையே ஒரு சட்டி அள்ளிப் போடுங்கள். வாசனையைப் பிடித்துக்கொண்டு போகும். மழை தொடங்குவதற்கு முன்பே இந்த இடத்தைப் பழக்கிவிடுங்கள். மழை ராத்திரியில் தேரையைக் கவ்வ விடாதீர்கள், வாயில் நுரை தள்ளும். கவ்விவிட்டால் ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இன்னொருவரின் குட்டி ஆறு மாதம் வரை சுத்தமாக இருந்து, திடீரென்று கூட்டை நனைக்கத் தொடங்கியதாம். இதில் பழக்கத்தைத் திருத்த உட்காராதீர்கள். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மூத்திரப் பாதையில் தொற்று இருக்கலாம். காலையில் போகும் மூத்திரத்தைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள்.