கூகுளில் தளம் திடீரென இறங்கினால் செய்யக்கூடாதவை

கூகுள் வழியாக வருபவர்கள் ஒரே வாரத்தில் பாதியாகக் குறைந்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. தலைப்புகளை மாற்றுவார்கள், பழைய பக்கங்களை அழிப்பார்கள், தளத்தின் தோற்றத்தையே புதிதாக்குவார்கள். முதலில் வந்த சரிவைவிட, இந்தப் பதற்றத்தில் செய்த வேலைகளால் எழும்ப முடியாமல் போகும் தளங்களும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஊர்த் தகவல், வினாத்தாள், பயண விவரம் என்று பலர் கூடி எழுதும் சமூகத் தளங்களை, வேலைக்குப் போய்வந்து மிஞ்சும் நேரத்தில் நடத்துபவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

தேடல் வரிசையில் தளத்தின் இடம் இறங்காமலே இறங்கிவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. பாசிக்குடா, அறுகம்பைக் கடற்கரைகளுக்கு ஆட்கள் சுற்றிப்பார்க்க வரும் காலம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர் வரை. மழை தொடங்கி நவம்பர், டிசம்பர் வந்துவிட்டால் அந்த இடங்களைத் தேடுபவர்களே குறைந்துவிடுவார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு வினாத்தாள் தேடலும் அப்படித்தான். தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் 16 மாதத் தரவு இருக்கும். போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தேடலில் தோன்றிய தடவைகள் குறைந்து, சராசரி இடம் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் பருவம். சராசரி இடமே விழுந்திருந்தால்தான் விசாரிக்க வேண்டிய விஷயம். உங்கள் போனில் தேடிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மட்டக்களப்பு கல்லடியில் இருப்பவருக்கும் லண்டனில் இருப்பவருக்கும் ஒரே வரிசை வருவதில்லை.

சரிவு உண்மையென்றால், அது தொடங்கிய திகதியைப் பிடியுங்கள். அந்த வாரத்தில் தளத்தில் என்ன மாறியது? பலர் தளம் நடத்தப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு பெட்டி உண்டு. புதுப்பிக்கும் வேலைக்காக அதில் சரி போட்டுவிட்டு எடுக்க மறப்பது நிறைய நடக்கிறது.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பக்கங்கள் நம் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கூட்டம். அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது கட்டாயம் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் மாற்றும்போது பக்க முகவரிகளும் சேர்ந்து மாறிவிட்டால், பழைய முகவரியில் சேர்ந்த மதிப்பு தொங்கி நிற்கும். பழையதிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் போட்டு, குறைந்தது ஒரு வருடமாவது அதை எடுக்காமல் வைத்திருங்கள்.

தளத்தில் எதுவும் மாறவில்லையா? அப்போ கூகுள் பக்கம் பாருங்கள். வருடத்தில் சில தடவைகள் அவர்கள் தரவரிசை முறையைப் பெரிதாகப் புதுப்பிப்பார்கள், தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் வெளியிடுவார்கள். 2024 மார்ச் 5இல் தொடங்கிய புதுப்பிப்பு ஏப்ரல் 19இல்தான் முடிந்தது. அந்தக் காலம் முழுக்க இடங்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் எதைத் திருத்தினாலும், எது எதனால் நடந்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது. முடிந்து ஒரு வாரமாவது விட்டு, தொடங்குவதற்கு முந்திய வாரத்தோடு ஒப்பிடச் சொல்கிறது கூகுள். இப்படிப் புதுப்பிப்பில் இறங்குவது தண்டனை அல்ல. தண்டனை என்றால் சேர்ச் கொன்சோலின் கைமுறை நடவடிக்கைகள் (Manual actions) பகுதியில் அறிவிப்பு வந்திருக்கும். அப்படி வந்திருந்தால் மட்டும்தான் திருத்திவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம்.

சமூகத் தளங்களில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. உறுப்பினராகச் சேர்ந்து, ஒரு வரியும் எழுதாமல், சுயவிவரத்தில் சூதாட்டத் தள இணைப்பை மட்டும் வைத்துவிட்டுப் போகும் கணக்குகள். நடத்துபவர் கண்ணில் அவை படுவதே இல்லை, கூகுள் கண்ணில் படும். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். ஜப்பானிய எழுத்திலோ மாத்திரை விற்பனையாகவோ பக்கங்கள் வந்தால் தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். அதை அடைக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. உறுப்பினர்கள் தரும் இணைப்புகளுக்கு, இது பயனர் போட்ட இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்லும், 2019இல் கூகுள் அறிமுகப்படுத்திய யூஜிசி (ugc) என்ற குறியையும் சேர்த்துவிடுங்கள்.

களையெடுக்கும்போது பயிரையும் பிடுங்கிவிடக்கூடாது. பார்வை குறைந்த பழைய பதிவுகளைக் கூண்டோடு அழித்தால் தளம் ஏறும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கிழக்கைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஒருவர் தன் ஊருக்கு என்ன நடந்தது என்று எழுதிவைத்திருந்தால், அதை மாதம் பத்துப் பேர்தான் வாசிப்பார்கள். ஆனாலும் அது வேறெங்கும் கிடைக்காத எழுத்து. வெறும் பக்கம், இரட்டைப் பக்கம், குப்பை இவற்றை மட்டும் எடுங்கள், ஒவ்வொன்றையும் திறந்து வாசித்த பிறகு. போன இடத்தை நிரப்பச் செயற்கை நுண்ணறிவால் நூற்றுக்கணக்கில் கட்டுரை ஏற்றுவது இன்னும் மோசம். தேடலில் இடம் பிடிக்க மட்டுமே அப்படிக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் வெளிப்படையாகவே விதிமீறல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எழுத்தில் எதையும் தொடாமல் திகதியை மட்டும் புதிதாக்குவதும் வேண்டாம். முதல் பக்கத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்று வட்ஸ்அப்பில் வருபவர்களுக்குக் காசும் கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. அவர்கள் வாங்கித் தரும் இணைப்புகளால் அடுத்த சரிவு வரலாம்.

சரி, எப்போது மீளும்? தேடுபொறிக்கு அடைபட்டிருந்த பக்கங்களைத் திறந்துவிட்டால் சில நாட்களிலோ வாரங்களிலோ தெரியும். பெரிய புதுப்பிப்பில் விழுந்தது என்றால் பல மாதங்கள் ஆகலாம், சில நேரம் அடுத்த பெரிய புதுப்பிப்பு வரை. அதுவரை ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, திகதியோடு குறித்து வையுங்கள். என்ன நடந்தது என்று உறுப்பினர்களுக்கும் சொல்லிவிடுங்கள். கூகுள் வழியாக வராமல் நேராகவே வரும் அவர்கள்தான் இந்த மாதங்களில் தளத்தில் எழுதிக்கொண்டிருக்கப்போகிறவர்கள்.