ஜூலையில் பிள்ளைகளோடு கொடைக்கானல் கீழ்மலையில் இருக்கும் தாண்டிக்குடிப் பக்கம் வருகிறவர்களுக்கு

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் ஊருக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் காலண்டரைப் பாருங்கள். நமக்கு அமெரிக்காவில் பல இடங்களில் பள்ளி மூடுவதே ஜூன் பாதிக்கு மேல்தான், ஊரிலோ ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடுகிறார்கள். அத்தை பையன் இருக்கிறான், சித்தி பெண் இருக்கிறாள் என்று ஆசை காட்டிக் கூட்டி வருவோம், அவர்கள் காலை எட்டு மணிக்கே சீருடையோடு பஸ் ஏறிவிடுவார்கள், டியூஷன் முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும். நான் இதை யோசிக்கவே இல்லை.

ஐந்து வாரம் வந்தோம். பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு 9. அதில் பதினோரு நாள் தாலுகா ஆபீசுக்கே போனது.

அப்பா போய் நாலு வருஷம் ஆகியும் தோட்டத்துப் பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது. "நீ நேர்ல வந்தாத்தான் நடக்கும்" என்று சித்தப்பா வாரம் தவறாமல் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இ-சேவை மையத்தில் மனு கொடுத்தோம். வி.ஏ.ஓ. பார்த்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்தார். இறப்புச் சான்றில் அப்பாவுக்கு இனிஷியல் இல்லை, வாரிசுச் சான்றில் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டு மனுவைத் திருப்பினார்கள். திருத்தி மறுபடி கொடுத்தால் சர்வேயர் இல்லை. அவர் வந்த நாளில் தாசில்தார் மீட்டிங். ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறிப் போய், சுவரோரம் நின்று, "நாளைக்கு வாங்க" என்பதைக் கேட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும்.

ஒரு நாள் நான் வரும்போது பையன் திண்ணையில் போனை நெஞ்சில் வைத்தபடியே தூங்கியிருந்தான். பக்கத்தில் என் அம்மா, ஆறிப்போன பஜ்ஜித் தட்டோடு. அவன் ஆங்கிலம் அவளுக்குப் புரியாது, அவள் தமிழ் அவனுக்குப் பாதிதான் பிடிபடும். அந்த மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான். ஒன்பது வருஷம் விட்டுவிட்டேன்.

அதனால் சொல்கிறேன், நில வேலையையும் பிள்ளைகள் விடுமுறையையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள். வில்லங்கச் சான்று, பட்டா நகல் எல்லாம் இணையத்திலேயே எடுக்கலாம். இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி நம்பிக்கையான ஆளுக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பலாம், ஆனால் அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். உறவினர் யாராவது குழப்பினால் இதைச் சொல்லுங்கள்.

சரி, பிள்ளைகள். கொடைக்கானல் ஏரியில் படகு ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். என் பெண் கண் விரிந்து நின்றது சூரிய ஆய்வகத்தில். 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டதும் அங்கேதான். செண்பகனூர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் வையுங்கள். கொடைக்கானலுக்கு வாடகைக் காரில் போனால் இ-பாஸ் (இணைய நுழைவு அனுமதி) எடுக்க வேண்டும், அரசுப் பேருந்துக்கு வேண்டாம். தாண்டிக்குடியைச் சுற்றியுள்ள கற்திட்டைகளை (பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்கள்) ஊர்க்காரர் ஒருவரோடு போய்ப் பாருங்கள், தனியாகப் போனால் வழி தெரியாது.

ஆனால் கடைசி இரண்டு வாரம் அவர்களைப் பிடித்து வைத்தது அம்மாவின் சௌசௌ பந்தல்தான். நாம் குனிந்து நுழையும் பந்தலுக்குள் பையன் நிமிர்ந்தே நடந்தான். காயின் பால் கையில் ஒட்டிக் காய்ந்து தோலை இறுக்க, அம்மா தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துவிட்டாள். வெண்ணெய்ப்பழம் மரத்தில் பழுக்காது, பறித்து அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டும் என்று பெண்ணுக்குத் தெரிந்ததும் தினமும் பானையைத் துழாவினாள். மூட்டைக் கணக்கு எழுதும் வேலையை அம்மா பையனிடம் கொடுத்துவிட்டாள். "சவுசவு 3 மூடை" என்று அவன் எழுதியதை அவள் திருத்தவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வேலை இருக்கும், வந்த முதல் நாளே அதை அவர்களிடம் கொடுங்கள்.

குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல். ஆகஸ்டில் பூத்திருந்தால் அது நம் பிள்ளைகளின் விடுமுறைக்குள் வரும். அந்தப் பயணத்துக்கு இப்போதே நாள் குறித்துவிட்டோம். பட்டா மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதிகாரப் பத்திரம் போன வாரம் சித்தப்பாவுக்கு அனுப்பினேன்.