“சின்ன ஊர்தானே” என்று நினைத்து இத்தாலிக்குப் படிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

உர்பினோவில் படிக்க இடம் கிடைத்ததும் ரயில் செயலியைத் திறந்து அந்த ஊர்ப் பெயரைத் தேடினேன். வரவில்லை. அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. கடற்கரை ஊரான ஃபானோவிலிருந்து இருந்த பாதையை 1987-லேயே மூடிவிட்டார்கள். கடற்கரையில் இருக்கும் பேசரோ வரை ரயிலில் போய், அங்கிருந்து மலையேறும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு பெட்டிகளோடு பேசரோவில் இறங்கியபோது கடைசிப் பேருந்து போயிருந்தது. ஊர் போய்ச் சேரும் நாளை வார நாளாகவும் பகல் நேரமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை குறிக்காத பிராந்திய ரயிலின் காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான்.

உர்பினோ மார்க்கே பகுதியில் இருக்கிற, மதில் சூழ்ந்த மலையூர். ஓவியர் ரஃபேல் 1483-ல் பிறந்தது இங்கேதான். பல்கலைக்கழகம் 1506-ல் தொடங்கியது. ஊர்க்காரர்கள் பதினாலாயிரம் பேர் இருப்பார்கள், மாணவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. இப்படிப்பட்ட ஊர் என்றால் எல்லாம் சுலபமாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறோம். பெரிய நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை நடக்காவிட்டால் இன்னொரு கிளைக்குப் போகலாம். இங்கே இருப்பது ஒன்றுதான், அதுவும் சில நாட்களில் காலையில் மட்டும் திறந்திருக்கும். அதைத் தவறவிட்டால் ஒரு வாரம் போய்விடும்.

நம் ஆட்களுக்கு முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். ஆனால் இத்தாலியில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ‘கோதிச்செ ஃபிஸ்காலெ’ என்ற வரி எண் பெயரிலிருந்தே உருவாகிறது. மொத்தம் 16 எழுத்தும் எண்ணும். முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று சொந்தப் பெயரிலிருந்து, அப்புறம் பிறந்த ஆண்டு, மாதம், தேதி, பிறந்த இடம். ஓர் அலுவலகம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, இன்னொன்று எழுதாமல் விட்டால் நீங்கள் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். வங்கி, பல்கலைக்கழகம், வாடகை ஒப்பந்தம் எதுவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்து மாறாமல் எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். பெண்களுக்கு ஒரு தகவல்: உங்கள் எண்ணில் பிறந்த தேதியோடு 40 கூட்டியிருப்பார்கள். நான் 7-ஆம் தேதி பிறந்தவள். சீட்டில் 47 என்று பார்த்ததும் பிழை என்று பதறி மறுபடி வரிசையில் நின்றேன். அது பிழை இல்லை, முறையே அதுதான்.

தங்கும் அனுமதிக்கு (‘பெர்மெஸ்ஸோ’ என்பார்கள்) நாட்டுக்குள் நுழைந்த 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவங்கள் அடங்கிய உறை தபால் நிலையத்தில் கிடைக்கும். 16 யூரோ வருவாய் முத்திரையைப் புகையிலைக் கடையில் வாங்க வேண்டும். “முதலில் வீடு பார்ப்போம், அப்புறம் இதைப் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. விண்ணப்பித்ததும் தருகிற ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அட்டை வரப் பல மாதம் ஆகலாம். விசா முடிந்து ரசீது மட்டும் கையில் இருக்கும்போது ஃப்ராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாக ஊருக்குப் போக டிக்கெட் எடுக்காதீர்கள். அந்த ரசீது இத்தாலியிலிருந்து நேராக வெளியே போய் நேராகத் திரும்புவதற்குத்தான் செல்லும்.

அரசு மருத்துவக் காப்புக்குக் கட்டும் தொகை ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. 2024-லிருந்து மாணவர்களுக்கே அது ஆண்டுக்கு 700 யூரோ. நவம்பரில் போய்க் கட்டினால் அத்தனை பணமும் டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும். முதல் சில மாதங்களுக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு ஜனவரியில் சேருவது நல்லது.

உதவித்தொகையை நம்பிப் போகிறவர்கள் வீட்டு வருமானச் சான்றை ஊரிலேயே வாங்கி, அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் சான்று) இத்தாலிய மொழிபெயர்ப்பும் முடித்துக்கொண்டு போங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவைத் தாலுகா அலுவலகத்துக்கும் தபாலுக்கும் அலைய விட்டால், விண்ணப்பக் கெடு அதற்குள் முடிந்திருக்கும்.

வீடு விஷயத்தில் கறாராக இருங்கள். பதிவு செய்யாத ஒப்பந்தத்துக்கு வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆசை வரும். அந்த வீட்டில் இருந்துகொண்டு, வெளியூர் மாணவருக்கான உதவித்தொகையைக் கேட்கக் காட்டுவதற்கு உங்களிடம் காகிதம் இருக்காது. முன்பணம் திரும்ப வராவிட்டால் கேட்கவும் வழியில்லை. எனக்கு அப்படி இரண்டு மாத வாடகை போனது.

வீட்டுக்குள் இன்னொரு சங்கதி. அங்கே பெரும்பாலான வீடுகளின் மின் இணைப்பு 3 கிலோவாட்தான். நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, நான் இண்டக்‌ஷன் அடுப்பில் சோறு வைத்தேன். அறைத்தோழி ஹேர் டிரையரைப் போட்டாள். வீடு முழுக்க இருட்டு. மீட்டர் இருந்ததோ கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நான்கு மாடி கல் படிகளுக்குக் கீழே. போன் வெளிச்சத்தில் இறங்கிப் போய் விசையைத் தூக்கிவிட்டு ஏறி வந்தால், இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் திரும்பவும் விழுந்தது. முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். வீட்டுக்குப் போன முதல் நாளே மீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். அந்தப் பகுதியில் வீட்டு வெப்பமூட்டியை அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் போடலாம் என்று சட்டமே இருக்கிறது. பழைய கல் வீடுகளில் அக்டோபர் தொடக்கமே குளிரும், கனமான போர்வை வேண்டும்.

இனி தேர்வு. இதில்தான் நம் மாணவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நிறைய தேர்வுகள் வாய்மொழித் தேர்வுகள். மதிப்பெண் 30-க்கு, 18 எடுத்தால் தேர்ச்சி. என் முதல் தேர்வில் பேராசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “உங்களுக்குப் பிடித்த தலைப்பிலிருந்து தொடங்குங்கள்” என்றார். நான் வரையறையை மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் கேட்டதற்குப் பதில் சொல்லி நிறுத்திப் பழகியவர்கள். அங்கே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாமே இழுத்துக்கொண்டு போக வேண்டும், இதனால் அது, அதற்கு எதிராக இது என்று. எனக்கு 21 கொடுத்தார், நன்றி சொல்லி எழுந்துவிட்டேன். பொதுவாக, கொடுக்கும் மதிப்பெண்ணை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த வாய்ப்பில் வந்து உட்காரலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். உங்கள் முறைக்கு முந்தைய தேர்வு நாளில் நோட்டோடு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். அந்த ஆசிரியர் எதைத் துருவிக் கேட்கிறார், எங்கே தலையாட்டுகிறார் என்பது இரண்டு மணி நேரத்தில் பிடிபடும். இரண்டாம் தேர்வுக்கு நான் அப்படித்தான் தயாரானேன், 28 வந்தது. எல்லாப் பாடத்தையும் செப்டம்பர் மாதத் தேர்வுகளுக்குத் தள்ளவும் கூடாது. முதல் ஆண்டில் ஆகஸ்ட் 10-க்குள் 20 கிரெடிட் (தேர்ச்சி பெற்ற பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி) சேர்த்திருந்தால்தான் பெரும்பாலும் உதவித்தொகை முழுதாக வரும்.

படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று இத்தாலிய மொழியை விட்டுவிடாதீர்கள். வகுப்பறைக்கு வெளியே ஊர் முழுக்க இத்தாலிய மொழிதான். கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜொர்னோ’ சொல்லாமல் நேராக ரொட்டி கேட்டால் கடைக்காரர் முகம் மாறும். பழக்கமில்லாதவர்களிடம் ‘சாவ்’ (நண்பர்களுக்குள் சொல்லும் வணக்கம்) சொல்லக்கூடாது. நம் நீ, நீங்கள் மாதிரி அங்கே ‘து’, ‘லெய்’ உண்டு. பேராசிரியருக்கும் வயதானவர்களுக்கும் ‘லெய்’தான், இது தமிழ் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். காய்கறிக் கடையில் வெறும் கையால் பழத்தைத் தொட்டு அழுத்திப் பார்க்காதீர்கள், சூப்பர் மார்க்கெட்டில் அதற்கென்று பிளாஸ்டிக் கையுறை வைத்திருப்பார்கள். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை சின்னக் கடைகள் மூடியிருக்கும்.

நான் தினமும் ரொட்டி வாங்கிய கடையில் ஓர் அம்மா இருந்தார். தப்பும் தவறுமாகப் பேசினாலும் நிறுத்தாமல் கேட்பார், வினைச்சொல்லை மட்டும் மெதுவாகத் திருத்துவார். ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில், “இனி ‘து’ என்றே பேசிக்கொள்வோமா?” என்றார். வயதில் மூத்தவர்தான் அதை முதலில் சொல்ல வேண்டும், நாமாகத் தொடங்கக்கூடாது. அந்த வாரமே, தன் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை காலியாகிறது, போய்ப் பார் என்று முகவரியை ரொட்டிப் பையின் மேல் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் பதிவு செய்ததுதான்.