கவுனி மூன்று பொட்டலம்: நம்மிடம் உள்ள நெல் ரகங்கள் எவ்வளவு வேறுபட்டவை என்று அளப்பது எப்படி?

மூன்று ஊர்களில் வாங்கிய மூன்று விதைப் பொட்டலங்கள். மூன்றிலும் 'கவுனி' என்றே எழுதியிருந்தது. உமியை உரித்துப் பார்த்தால் ஒன்றில் அரிசி கறுப்பு, மற்ற இரண்டிலும் சிவப்பு. இதற்கு நேர்மாறாக, ஒரே நெல் ஊருக்கொரு பெயரில் உலவுவதும் உண்டு. ஆகவே பெயர்களை எண்ணி 'எங்களிடம் இருபது ரகம்' என்று சொல்லிவிட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

படி 1: பொட்டலத்துக்கு எண்

பெயரை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். எந்த ஊர், என்ன மண், பாசனமா மானாவாரியா, எத்தனை செடிகளில் கதிர் எடுத்தது என்று நோட்டில் எழுதுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். அழகாக இருக்கிறதே என்று ஒரே கதிரை ஒடித்து வந்தால், நீங்கள் சேகரித்தது ரகத்தை அல்ல, ஒரு செடியை.

படி 2: விதைப்பு

ஆடியில் நாற்றங்கால் விடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா மாதிரியான ரகங்கள் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். பட்டம் தவறினால் பூக்கும் நாளை ஒப்பிடவே முடியாது. குத்துக்கு ஒரே நாற்று, 20 x 15 செ.மீ. இடைவெளி. பத்து ரகத்துக்கு ஒருமுறை ஒரே ஒப்பீட்டு ரகத்தைத் திரும்ப நடுங்கள். அது ஓரிடத்தில் உயரமாகவும் இன்னோரிடத்தில் குட்டையாகவும் நின்றால், வித்தியாசம் மண்ணில் இருக்கிறது, விதையில் இல்லை.

அடையாள அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். நான் பேனாவால் எழுதி, ஐப்பசி மழையில் பாதி வயலுக்குப் பெயரே இல்லாமல் நின்றேன்.

படி 3: பார்ப்பதும் அளப்பதும்

ரகப் பதிவுக்கு நெல்லில் 62 குணங்கள் பார்க்கிறார்கள். தொடங்குபவர்களுக்கு பத்துப் பன்னிரண்டு போதும். கண்ணால் பார்ப்பவை: இலையுறை (தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதி) பச்சையா ஊதாவா, நெல்லில் மூக்கு (நுனியில் நீளும் முள்) உண்டா, உமி நிறம், அரிசி நிறம். அளப்பவை: பாதிச் செடிகள் பூக்க ஆன நாள், உயரம், தூர்களின் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகளின்) எண்ணிக்கை, கதிர் நீளம், நெல்மணியின் நீள அகலம், ஆயிரம் மணி எடை. வரப்போரச் செடிகளை விட்டுவிடுங்கள். வெளிச்சமும் இடமும் கூடுதலாகக் கிடைத்து அவை கொழுத்துப் பொய் சொல்லும். உள்ளே ஐந்து செடிகளை அளந்து சராசரி எடுங்கள்.

படி 4: கணக்கு

பத்து ரகங்களில் அரிசி நிறம் 5 வெள்ளை, 3 சிவப்பு, 2 கறுப்பு என்று வையுங்கள். பங்குகள் 0.5, 0.3, 0.2. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 0.38. ஒன்றிலிருந்து கழித்தால் 0.62. இலையுறை 9 பச்சை, 1 ஊதா என்றால் இதே கணக்கில் 0.18 வரும். பூஜ்யத்தை நெருங்கினால் அந்தக் குணத்தில் எல்லாம் ஒரே மாதிரி என்று அர்த்தம்.

அளந்த எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள். உயரத்தில் 60 செ.மீ. வித்தியாசம் வரும்; மணி நீளத்தில் 3 மி.மீ.தான் வரும். உயரம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'பாஸ்ட்' (PAST) என்ற இலவச மென்பொருளில் போட்டால், ஒத்த ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிளைப்படம் வரைந்து தரும்.

படி 5: டிஎன்ஏ

இதை வீட்டில் செய்ய முடியாது. ஆய்வகத்தின் துணை வேண்டும். டிஎன்ஏவில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை என்பது ரகத்துக்கு ரகம் மாறும்; டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை மேலும் கீழுமாக நிற்கும். பட்டைகளுக்கும் படி 4-இன் வர்க்கக் கணக்கேதான். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்; ஆகவே ஒரு செடியில் ஓரிடத்துக்குப் பெரும்பாலும் ஒரு பட்டைதான் தெரியும். ஒரே செடியின் இலையில் ஓரிடத்தில் இரண்டு பட்டை தெரிந்தால், அண்மையில் எங்கோ கலப்பு நடந்திருக்கலாம்.

படி 6: எதை வைத்துக்கொள்வது?

ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒன்றிரண்டு எடுத்தால் முதலில் ஆராய வேண்டிய சிறு தொகுப்பு கிடைக்கும். மீதியை எறியச் சொல்லவில்லை. நெற்பயிரைக் குட்டையாக்கும் புல்குட்டை என்ற வைரஸ் நோய்க்கு எதிர்ப்பு தேடி, பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தார்கள். தேறியது உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றுதான். ஐஆர் 36 என்ற நெல் ரகத்துக்கு அந்த எதிர்ப்பு வந்தது அதிலிருந்துதான்.

என் சிவப்புக் கவுனிகள் இரண்டும் கிளைப்படத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் பூத்ததில் எட்டு நாள் இடைவெளி. இன்னொரு சம்பாப் பருவம் பார்க்காமல் அவற்றை ஒரே டப்பாவில் கொட்டப் போவதில்லை.